தேவாசீர்வாதம் பிடித்த நிழல்

சாத்தூரில் பேருந்து ஏறினால் சிவபாண்டி இடது பக்க இருக்கையில் உட்கார மாட்டார். வலது பக்கம் இடமில்லை என்றால் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிவகாசி வரைக்கும் நின்றே வருவார். "அங்கன இடம் கெடக்குல்ல பெரியவரே, உக்காருங்களேன்" என்று நடத்துநர் சொன்னால், "இருக்கட்டும்ப்பா, மூட்டு வலிக்கு நிக்கிறதுதான் நல்லது" என்பார். மூட்டு வலிக்கு நிற்பதை வைத்தியமாகச் சொன்ன ஆள் விருதுநகர் மாவட்டத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

ஒரு காலத்தில் அவர் பேருந்தில் ஏறுகிற ஆளே இல்லை. எம். புதுப்பட்டியில் பிறந்து, மீசை அரும்பியதும் லாரிக்குக் கிளீனராகப் போய், பிறகு சிவகாசியில் ஒரு கம்பெனியின் வெள்ளை அம்பாசடருக்கு டிரைவர் ஆனவர். கம்பெனிக்கு ஒரு பக்கம் பட்டாசு, இன்னொரு பக்கம் காலண்டர் அச்சகம். ஆடிப்பெருக்கு அன்றைக்கு அடுத்த வருடத்துக் காலண்டர் ஆல்பம் வெளியாகும். சாமி படம், குழந்தை படம், அருவி படம் எல்லாவற்றையும் ஒன்றாகத் தைத்த அந்தப் பெரிய ஆல்பத்தைப் பின் சீட்டில் படுக்க வைத்து, டிக்கியில் தீபாவளி கிஃப்ட் பாக்ஸ் சாம்பிள்களை அடுக்கிக்கொண்டு வண்டி கிளம்பும். இரண்டு சரக்குக்கும் ஆர்டர் பிடிக்கிற ஆள் சாத்தூர் தேவாசீர்வாதம். கோவில்பட்டி, திருநெல்வேலி, நாகர்கோவில் என்று தெக்கத்தி லைன் முழுக்க அவருடையது. வண்டி சிவபாண்டியுடையது.

அந்த அம்பாசடர் பழைய மாடல். முன் சீட்டு ஒரே பெஞ்சு. கியர் ஸ்டியரிங்கோடு ஒட்டியிருக்கும். நடுவில் தடுப்பு எதுவும் கிடையாது. அந்த இடைவெளியில் ஒரு காராச்சேவு பொட்டலமும், சீசன் இருந்தால் மிளகாய்ப்பொடி தூவிய வெள்ளரிப் பிஞ்சும் எப்போதும் கிடக்கும். தேவா தின்பார், சிவபாண்டியின் வாயிலும் போடுவார். கடைக்காரர்களிடம் தேவா பேசுவதே ஒரு கச்சேரி. "அண்ணாச்சி, போன வருசம் உங்க காலண்டர்ல அருவி போட்டேன், கடையில கூட்டம் அருவியாக் கொட்டுச்சா இல்லையா?" என்று ஆரம்பித்தால், வேண்டாம் என்று கையை ஆட்டிய கடைக்காரர் முடிவில் ஆல்பத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருப்பார்.

திரும்பி வரும்போதுதான் ஒரு தொல்லை. கோவில்பட்டி தாண்டினால் சாத்தூர் வரைக்கும் ரோடு வடக்கு பார்த்தே ஓடும். சாயங்கால வெயில் இடது ஜன்னல் வழியாக நேரே வந்து டிரைவரின் கன்னத்தில் அறையும்.

"ஏலே பாண்டி, கண்ணு கூசுதா?"

"இல்லண்ணே. சும்மாதான்."

"சும்மா சுருக்குன மூஞ்சியாலே இது? உப்புல ஊறப்போட்ட நார்த்தங்காய் மாதிரி இருக்கு."

சொல்லிக்கொண்டே தேவா சீட்டுக்கடியில் கையை விட்டு ஒரு தினசரி காலண்டர் அட்டையை எடுப்பார். தோகை விரித்த மயிலோடு நிற்கும் முருகன். அதை இடது கையில் தூக்கி ஜன்னலோடு ஜன்னலாக வைத்துப் பிடித்தால் சிவபாண்டியின் கண்ணுக்கு நேராக நிழல் விழும். சாத்தூர் வரைக்கும் கையை இறக்க மாட்டார்.

"உங்க ஆளுகளோட படம் இல்லையாண்ணே? முருகனைத்தான் பிடிக்கணுமா?"

"ஏசு மேய்ப்பனா நிக்கிற படம் இருக்குலே. அதை நீளவாக்குல அடிச்சுத் தொலைச்சிருக்கானுக. உங்காளுதான் மயிலோட அகலமா நிக்காரு. நீ பேசாம முருகன் நிழல்ல ஓட்டு. ஊருக்குள்ள போயிச் சொல்லிராத, பாதிரியார் என்னைய நிக்க வச்சுக் கேள்வி கேப்பாரு."

அந்த வருடங்களைத்தான் சிவபாண்டி வாழ்ந்த வருடங்கள் என்று சொல்ல வேண்டும். அப்புறம் வந்ததெல்லாம் இருந்த வருடங்கள்.

ஓர் ஆவணி மாதச் சாயங்காலம் அது முடிந்தது. தேவாவின் ஒரே மகள் ஜாஸ்பினுக்கு அப்போது பால் பல் விழுகிற வயது. கோவில்பட்டியைத் தாண்டி வந்துகொண்டிருந்த வண்டியின் மேல், இடது பக்க மண் பாதையிலிருந்து ஏறிய தண்ணீர் லாரி ஒன்று நிற்காமல் வந்து மோதியது. மோதிய இடம் முன் கதவு. தேவா உட்கார்ந்திருந்த பக்கம்.

பட்டாசு ஊரில் பிறந்தவனுக்கு அந்த நேரத்தில் மூளை ஓடாது, கைதான் ஓடும். பெட்ரோல் வாடை மூக்கில் ஏறியது. டிக்கியில் வெடிமருந்து அடைத்த சரக்கு. வாடை வந்தால் யோசிக்காதே, பக்கத்தில் இருப்பவனை இழுத்துக்கொண்டு ஓடு என்பது எம். புதுப்பட்டியில் பிள்ளைகள் நடை பழகும்போதே பழகுவது. சிவபாண்டி தேவாவின் இரண்டு அக்குளிலும் கையைக் கொடுத்து, பெஞ்சு சீட்டின் மேலாகவே அவரை உருவி, தன் பக்கக் கதவு வழியாக வெளியே இழுத்து, குதிகால் தரையில் கோடு போட இழுத்துக்கொண்டே ஓடி, தூரத்தில் நின்ற ஒரு வேப்பமரத்தடியில் கொண்டுபோய்ச் சாய்த்தார். பிறகு காதைப் பொத்திக்கொண்டு குனிந்தார்.

வண்டி வெடிக்கவில்லை. ஒரு சரம்கூடப் பற்றவில்லை.

தேவாவின் உடம்பில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. மரத்தில் சாய்ந்து உட்கார்ந்து பேசினார். மூச்சு வாங்கியது, அவ்வளவுதான். பிறகு முகம் வெளுத்தது. வேர்த்தது. வழியில் போன ஒரு வேனை நிறுத்தி ஏற்றினார்கள். சாத்தூர் எல்லைக்குள் வேன் நுழையும்போது அவர் தலை சிவபாண்டியின் தோளில் கனத்துவிட்டது.

நெஞ்சுக்குள்ளே பெருந்தமனி என்கிற பெரிய ரத்தக்குழாய் கிழிந்துவிட்டது என்றார் மருத்துவர். மீதியை ஊர் சொன்னது. டீக்கடையில், முடிவெட்டுகிற இடத்தில், பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில். "நல்லாப் பேசிக்கிட்டிருந்த மனுசன்யா. அப்படியே சீட்டுல விட்டிருந்தாப் பொழைச்சிருப்பாரு. இந்தாளு இழுத்த இழுப்புல உள்ள கிழிஞ்சு போச்சு." பொல்லாப்பாக யாரும் சொல்லவில்லை. பாவம் என்கிற குரலில்தான் சொன்னார்கள். அதுதான் சிவபாண்டிக்குள் ஆழமாக இறங்கியது. இருக்குமோ? என் கைதானா?

வண்டிச் சாவியை முதலாளியின் மேசையில் வைத்துவிட்டு வந்தார். முதலாளி அவரை விடவில்லை. அச்சகத்தில் வேலை போட்டுக் கொடுத்தார். மாதக் காலண்டர் தாள்களின் தலையில் தகரப் பட்டையை வைத்து அமுக்கும் இயந்திரம் அன்றைக்கு அவர் கைக்கு வந்தது. தலை நரைத்தும் அதை விட்டு அவர் போகவில்லை. ஸ்டியரிங்கை மறுபடி தொடவே இல்லை.

சாத்தூர் வீட்டை மட்டும் விடவில்லை. தேவாவின் மனைவி ஞானசுந்தரி நர்ஸ்; வேலையும் பிள்ளையுமாக ஒற்றையாய் நின்ற காலத்தில், ஜாஸ்பினைச் சைக்கிளில் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டது சிவபாண்டிதான். தீபாவளிக்கு அவர் பட்டாசுப் பை கொண்டுபோவார். கிறிஸ்துமஸுக்கு அங்கிருந்து கேக்கும் முறுக்கும் வரும். சிவபாண்டியின் மனைவி வெள்ளைத்தாய்க்கு அந்தக் கேக்கில் ஒரு பைத்தியமே உண்டு. ஞானசுந்தரி அவரைத் தம்பி என்பார். அவர் மதினி என்பார். ஜாஸ்பினுக்கு அவர் சித்தப்பா. ஊர் சொன்ன அந்தப் பேச்சை ஞானசுந்தரி ஒருநாளும் வாயில் எடுத்ததில்லை. எடுத்திருந்தால்கூடத் தேவலை என்று சில நாள் சிவபாண்டிக்குத் தோன்றும்.

அந்த ஜாஸ்பின்தான் இன்றைக்குச் சென்னையில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள். அந்தத் தெருவில் அவ்வளவு தூரம் படித்த ஆள் வேறு யாருமில்லை. லீவுக்கு வந்தவள், "சித்தப்பா, ஞாயித்துக்கிழமை கண்டிப்பா வாங்க. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்று போன் போட்டாள்.

போனால், சாப்பாட்டு மேசையில் லேப்டாப் திறந்திருந்தது. திரையில் தோல் உரித்த ஒரு மனித உருவம் கார் சீட்டில் உட்கார்ந்திருந்தது. விலா எலும்புகள் தெரிந்தன, நுரையீரல் தெரிந்தது. முகம் மட்டும் வழுவழுவென்று, எழுதாத சிலேட்டாக இருந்தது.

"என்ன தாயி இது, எலும்புக்கூட்டைக் காருல வச்சு ஓட்டிக்கிட்டிருக்க?"

"இதுதான் சித்தப்பா என் படிப்பு. பக்கவாட்டுல மோதுற கார்ல நெஞ்சுக்குள்ள பெருந்தமனி எப்படிக் கிழியுதுன்னு பாக்குறது."

பெருந்தமனி என்றதும் சிவபாண்டி நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டார்.

ஜாஸ்பின் பொறுமையாகச் சொன்னாள். ஒரு முழு உடம்பையும் லட்சக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகளாக்கிக் கம்ப்யூட்டருக்குள் வைத்திருக்கிறார்கள். எலும்புத் துண்டுக்கு எலும்பின் கெட்டி, சதைத் துண்டுக்குச் சதையின் இளக்கம். கதவு இன்ன வேகத்தில் உள்ளே வந்தால் எந்தத் துண்டு பக்கத்துத் துண்டை எவ்வளவு இழுக்கும் என்று அது கணக்குப் போடும். கண் இமைக்கிற நேரத்துக்குள் நடந்து முடிவதைக் கணக்குப் போட, கல்லூரியின் பெரிய கம்ப்யூட்டர்களுக்கு ஒரு பொழுது முழுக்க ஆகும்.

"இருதயத்துல இருந்து கெளம்பி வளைஞ்சு இறங்குதுல்ல, இதுதான் பெருந்தமனி. வளைவு வரைக்கும் தொங்கலா ஆடும். இறங்குற பக்கம் முதுகெலும்போட ஒட்டியிருக்கும். கதவு வந்து நெஞ்சைத் தள்ளும்போது ஆடுறது ஒரு பக்கம் போகும், ஒட்டினது அப்படியே நிக்கும். ரெண்டும் சேர்ற இந்த இடத்துலதான் கிழியும்."

சிவபாண்டி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "தகரம் அடிச்ச காலண்டர் தாளும் அப்படித்தான் தாயி. பிடிச்சு வெடுக்குனு இழுத்தா நடுவுல கிழியாது. தகரம் முடியிற எடத்துலதான் கிழியும்."

"அதேதான்!"

"வெடுக்குனு இழுத்தா" என்று தன் வாயாலேயே சொன்னது அவருக்கு அப்புறம்தான் உறைத்தது. திரும்பிப் பார்த்தார். ஞானசுந்தரி அடுப்படியில் இருந்தார். மீன் வறுபடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. குரலைத் தாழ்த்தி, "தாயி, அப்பாவை நான் இழுத்தேன்ல... அந்த இழுப்புல கிழிஞ்சுதான்னு இதுல பாக்க முடியுமா?" என்றார்.

ஜாஸ்பின் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "அப்பாவோட விபத்தை ஒருதரம் போட்டுப் பாக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை சித்தப்பா. படிப்புக்காக இல்ல, எனக்காக. அதுக்குத்தான் உங்களை வரச் சொன்னேன். மோதுனதையும் போடுவோம், இழுத்ததையும் போடுவோம். ஆனா மொதல்ல அப்பா எப்படி உக்காந்திருந்தாருன்னு சரியாத் தெரியணும். அது தப்பாப் போச்சுன்னா அம்புட்டும் தப்பாப் போயிரும். முக்கியமா அந்த இடது கை. கை கீழ இருந்தா கதவு மொதல்ல கையில மோதும், கை நெஞ்சுல அமுக்கும். கை மேல இருந்தா நெஞ்சுல நேரா விழும். எங்கன இருந்துச்சு சித்தப்பா?"

சிவபாண்டி வாயைத் திறந்தார்.

கை மேலே இருந்தது. முருகன் அட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதைச் சொன்னால் அடுத்ததையும் சொல்ல வேண்டும். அட்டை ஜன்னலை மறைத்திருந்தது. அந்த ஜன்னல் பக்கம்தான் லாரி வந்தது. ஊர் அவர் இழுத்ததைச் சொன்னது. அட்டையைப் பற்றி ஊருக்குத் தெரியாது. அவர் கண் கூசக் கூடாது என்று தூக்கிய கை அது.

"மடியிலதான் இருந்துச்சு தாயி. சும்மா மடியில வச்சிருந்தாரு."

சாப்பிட்டுப் போகச் சொல்லி ஞானசுந்தரி எவ்வளவோ சொன்னார். வயிறு சரியில்லை என்று பஸ் ஏறிவிட்டார்.

அந்த வாரம் அச்சகத்தில் அவர் அடித்த தகரமெல்லாம் கோணலாகப் போனது. வீட்டில் வெள்ளைத்தாய், "என்ன கோட்டையைப் பிடிக்கப் போறீகளோ, சோத்துல கையை வச்சுக்கிட்டே உக்காந்திருக்கீக" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி போன் வந்தது. போனபோது ஜாஸ்பின் முகம் வாடியிருந்தது.

"சரியா வரல சித்தப்பா. கையை மடியில வச்சுப் போட்டா, கதவு வந்ததும் மேல்கை எலும்பு ரெண்டா முறியுது. எத்தனை விதமா மாத்திப் பாத்தாலும் முறியுது. ஆனா அம்மா..."

ஞானசுந்தரி ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி வந்து எதிரே உட்கார்ந்தார். "அவரை நான்தானே கழுவிப் படுக்க வச்சேன் தம்பி. இடது பக்கம், மேல் விலா ரெண்டு மூணு இடத்துல கை வச்சாப் பொதுபொதுன்னு உள்ள போச்சு. கையில ஒரு கீறல் கெடையாது. எத்தனை கையைப் பாத்தவ நான், எனக்குத் தெரியாதா? இவ என்னமோ கை முறிஞ்சிருக்கும்ங்கிறா."

இரண்டு பேரும் அவரையே பார்த்தார்கள். சந்தேகத்தோடு அல்ல, அவருக்குத் தெரியும் என்கிற நம்பிக்கையோடு. அந்த நம்பிக்கையின் முன்னால் சிவபாண்டியால் உட்கார முடியவில்லை. எழுந்து நின்றார்.

"மடியில இல்ல மதினி. கை மேல இருந்துச்சு. எனக்கு வெயில் அடிக்காம இருக்க காலண்டர் அட்டையைப் பிடிச்சிருந்தாரு. அந்த அட்டை மறைச்சுதான் லாரி வந்தது எனக்குத் தெரியல. அட்டை இல்லன்னா பாத்திருப்பேன். பிரேக்கு போட்டிருப்பேன். இழுத்தேன் இழுத்தேன்னு ஊரு சொல்லுச்சு, நானும் அதையே சொல்லிக்கிட்டேன். இதைச் சொல்ல வாய் வரல."

அடுப்படியில் குக்கர் ஒரு விசில் அடித்து நின்றது. ஞானசுந்தரி எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு, "முருகன் அட்டையா?" என்றார்.

"உங்களுக்கெப்படி..."

"கைலியைக் கட்டிக்கிட்டு ராத்திரி பூரா தோள்பட்டைக்குத் தைலம் தேச்சுவிடச் சொன்னா எதுக்குன்னு கேக்க மாட்டேனா? தெக்கத்தி லைன் போயிட்டு வந்தா அந்த மனுசனுக்கு இடது தோள் தூக்க வராது. 'பாண்டிக்குக் கண்ணு கூசும்டி'ன்னு சொல்வாரு." குரல் சட்டென்று ஏறியது. "அது கெடக்கட்டும். அட்டை உங்க கண்ணை மறைச்சுச்சு, சரி. லாரிக்காரன் கண்ணை எந்த அட்டை மறைச்சுச்சாம்? பெரிய ரோட்டுல ஏறுறவன் நின்னு பாக்க வேண்டாமா? அவன் எங்கயோ நிம்மதியா இருக்கான். நீங்க இத்தனை வருசம் இதை மென்னுக்கிட்டே இருந்திருக்கீக. பிள்ளைகிட்டப் பொய்யச் சொல்லி ஒரு வாரம் அவ கம்ப்யூட்டரையும் கெடுத்து..."

சிவபாண்டி தலையைக் குனிந்துகொண்டே, "இன்னொண்ணும் இருக்கு மதினி" என்றார்.

"இன்னும் என்ன?"

"அண்ணன் கடைசியா என்ன சொன்னாருன்னு அன்னைக்குக் கேட்டீகல்ல. ஏசுவேன்னு சொன்னாருன்னு சொன்னேன்."

"ஆமா. அதை வச்சுத்தானே அடக்கத்துல பாதிரியார் அம்புட்டு நேரம் பிரசங்கம் பண்ணாரு."

"அப்படிச் சொல்லல. மரத்துல சாஞ்சுக்கிட்டு, 'முருகன் எங்கலே?'ன்னு கேட்டாரு. அந்த அட்டையைக் கேட்டாரு. அதைச் சொன்னா எந்த அட்டைன்னு கேப்பீகளேன்னு..."

ஞானசுந்தரி வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து ஜாஸ்பின் எழுந்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் கொட்ட, மூச்சுத் திணறச் சிரித்தார். "ஆண்டவரே! அந்தப் பிரசங்கத்தை நான் எத்தனை கிறிஸ்துமஸுக்கு எத்தனை பேர்கிட்டச் சொல்லியிருக்கேன்! சாகும்போதுகூட இந்த மனுசன் சாம்பிளைத்தான் தேடியிருக்காரு பாரேன்!" சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று மூன்று பேருக்குமே தெரியவில்லை.

கண்ணைத் துடைத்த பிறகு ஜாஸ்பின் சொன்னாள்: "சித்தப்பா, ஒண்ணு சொல்லிர்றேன். அட்டை இல்லாட்டி லாரியைப் பாத்திருப்பீகளாங்கிறதுக்கு என்கிட்டப் பதில் இல்ல. ரோடும் லாரியும் என் கணக்குலயே கெடையாது. கதவு உள்ள வர்றதுல இருந்துதான் என் கணக்கு. இழுத்ததுக்கு மட்டும்தான் என்னால சொல்ல முடியும்."

"அது போதும் தாயி" என்றார் சிவபாண்டி. போதுமா என்று அவருக்கே தெரியவில்லை.

கையைத் தூக்கினால் உடம்பு எப்படித் திரும்பும் என்று துல்லியமாகத் தெரிய வேண்டும் என்றாள் ஜாஸ்பின். சாத்தூரில் ஒரு மெக்கானிக் ஷெட்டில் அதே மாடல் அம்பாசடர் ஒன்று கிடந்தது. மறுநாள் சாயங்காலம், சிவபாண்டி அச்சகத்திலிருந்து ஒரு முருகன் அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். வண்டியை வடக்கு பார்க்கத் தள்ளி நிறுத்தினார்கள். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே, "என்ன அண்ணாச்சி, குடும்பத்தோட சினிமா எடுக்கப் போறீகளா?" என்றார்.

ஜாஸ்பின் டிரைவர் சீட்டில் ஏறிக்கொண்டாள். சிவபாண்டி இடது பக்கக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். பேருந்தில்கூட உட்காராத பக்கம் அது.

"ஏறுங்க தம்பி, நான் இங்கனதான் நிக்கேன்" என்று ஞானசுந்தரி அவர் முதுகில் மெல்லத் தள்ளினார்.

ஏறினார். பழைய சீட்டின் அந்த ரெக்சின் வாடை. முன்னால் பானெட்டின் அதே வளைந்த மூக்கு. வெயில் இடது பக்கமாக உள்ளே வந்து ஜாஸ்பின் முகத்தில் விழுந்தது. அவள் கண்ணைச் சுருக்கினாள். தேவாவின் மூக்கு, தேவாவின் தாடை. சிவபாண்டி ரோட்டைப் பார்த்தபடி அட்டையைத் தூக்கி ஜன்னலில் பிடித்தார்.

"நிழல் என் மேல விழல சித்தப்பா. இன்னும் மேல."

ஏற்றினார்.

"நெத்தியில விழுது. கண்ணுல இன்னும் அடிக்குது."

இறக்கினார். முன்னால் தள்ளினார். பின்னால் இழுத்தார். நிழல் அவள் காதுக்குப் போனது, கழுத்துக்குப் போனது, கண்ணுக்கு மட்டும் வரவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டு அந்த நிழலைப் பிடிக்க முடியாது என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. வலது கையைச் சீட்டின் முதுகில் நீட்டி, இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பி, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு அட்டையை மெல்ல நகர்த்தினார். நிழல் வந்து அவள் இரண்டு கண்ணிலும் சரியாக உட்கார்ந்தது. அவள் முகச்சுருக்கம் விரிந்தது.

"இப்ப சரி. அசையாதீக! அம்மா, அப்படியே போட்டோ எடுங்க. நெஞ்சு எம்புட்டுத் திரும்பியிருக்குன்னு தெரியணும்."

சிவபாண்டி அசையவில்லை. அசைய முடியவில்லை. கியர் மாற்றும்போது, வளைவில் திரும்பும்போது, பள்ளத்தில் இறங்கும்போது நிழல் நகரும். ஒவ்வொரு முறையும் பார்த்துப் பார்த்து அதைத் திரும்பக் கொண்டுவந்து வைக்க வேண்டும். கோவில்பட்டியிலிருந்து சாத்தூர் வரைக்கும், அத்தனை வருடம், ஒவ்வொரு சாயங்காலமும். டிரைவர் ரோட்டைப் பார்க்க, அந்த மனிதர் டிரைவரைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார். ஒருமுறைகூட அது தெரியாமல் இவர் வண்டி ஓட்டியிருக்கிறார்.

"கை வலிக்குதா சித்தப்பா?"

"இல்ல தாயி. இன்னும் கொஞ்ச நேரம் பிடிக்கேன்."

லீவு முடிந்து சென்னைக்குக் கிளம்புவதற்கு முன்னால் ஜாஸ்பினுக்குக் கணக்கு வந்து சேர்ந்தது. சிவபாண்டி வெள்ளைத்தாயையும் கூட்டிக்கொண்டு போயிருந்தார். அவள் அடுப்படியில் ஞானசுந்தரியோடு நின்றுகொண்டாள்.

திரையில் அதே உருவம். இப்போது இடது கையைத் தூக்கி, உடம்பை வலப்பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தது. ஜாஸ்பின் மிக மெதுவாக ஓட்டிக் காட்டினாள். கதவு உள்ளே வந்தது. கை தப்பியது, மேல் விலாக்கள் இரண்டு மூன்று இடத்தில் முறிந்தன, ஞானசுந்தரி சொன்ன அதே பக்கம். நெஞ்சு நகர்ந்தது. வளைந்த குழாய் முழுக்க நீலமாக இருந்தது, வளைவு முடிகிற அந்த ஒரே இடத்தில் மட்டும், இழுவை கூடக் கூட மஞ்சளாகி, ஆரஞ்சாகி, சிவந்தது. கதவு நின்றபோது அங்கே சிவப்பு மட்டும்தான் இருந்தது.

"இங்கனதான் கிழிஞ்சிருக்கும். நீங்க கையைக் கொடுக்குறதுக்கு முன்னாலயே. இப்ப நீங்க இழுத்தது." இன்னொன்றை ஓட்டினாள். அக்குளில் இரண்டு கைகள் போல எதுவோ பற்றி உருவத்தை இழுத்தது. குழாய் லேசாக அசைந்தது. நிறம் ஏறக்குறைய மாறவே இல்லை. "நல்லா இருக்குற குழாயை உங்க இழுப்பு கிழிக்காது. கிழிஞ்ச பிறகு மேல் உறை மட்டும் கொஞ்ச நேரம் தாங்கும், அதான் பேசுனாரு. அப்பா சீட்டுலயே இருந்திருந்தாலும் அந்த உறை விட்டுப் போயிருக்கும்னுதான் நான் நெனைக்கேன். இது அப்பாவோட சொந்த உடம்பு இல்ல சித்தப்பா, பொதுவான ஒரு ஆளோட உடம்பு. அதனால சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா என் படிப்புக்குத் தெரிஞ்ச வரைக்கும், உங்க கை இல்ல."

சிவபாண்டி தன் கைகளை மேசைமேல் வைத்துப் பார்த்தார். தகரம் கிழித்த தழும்புகள் நிறைந்த கைகள். பிறகு, "தாயி, அந்த மொதப் படத்தைத் திருப்பிப் போடு. கதவு வர்றதுக்கு முந்தியே நிறுத்து" என்றார்.

நிறுத்தினாள். கதவு கதவின் இடத்தில் இருந்தது. ஒன்றும் முறியவில்லை. கையைத் தூக்கி, உடம்பைத் திருப்பி, முகமில்லாத அந்த உருவம் வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. முகம் இல்லாவிட்டால் என்ன. அது தேவாதான். அந்தத் தோள் சாய்வு தேவாவுடையது. இன்னும் ஒரு நொடியில், கண்ணு கூசுதாலே என்று கேட்டுவிடும் போலிருந்தது.

அது பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் ஸ்டியரிங் இருந்தது. சீட்டு காலியாக இருந்தது.

"நான் எங்கன தாயி?"

"டிரைவரை நான் போடல சித்தப்பா. கணக்குக்குத் தேவையில்ல. ஆளைச் சேத்தா கம்ப்யூட்டருக்கு இன்னும் ரொம்ப நேரம் ஆகும்."

"தேவையில்லாட்டிப் போகுது. என்னைய அங்கன போடு."

ஜாஸ்பின் தயங்கினாள். அடுப்படி வாசலில் ஞானசுந்தரி நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

"போடு ஏட்டி" என்றார். "அந்த மனுசன் வெறும் சீட்டுக்கு நிழல் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு."

ஜாஸ்பின் இன்னொரு உருவத்தைக் கொண்டுவந்து காலி சீட்டில் உட்கார வைத்தாள். அதன் கைகள் இரண்டும் பக்கத்தில் தொங்கின. "ஸ்டியரிங்கை எப்படிப் பிடிப்பீக சித்தப்பா?" என்று கேட்டாள்.

சிவபாண்டி நிமிர்ந்து உட்கார்ந்தார். சாப்பாட்டு மேசைக்கு மேலே, வெறும் காற்றில், மெதுவாக இரண்டு கைகளையும் தூக்கிப் பிடித்துக் காட்டினார்.